வெள்ளிக்கிழமை மாத்திரை

சென்ற வருடம் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு என்னடி செஞ்சுச்சு?" ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் கதை நன்றாகப் படிந்துவிட்டது. எங்கே நிறுத்தினால் கேட்பவர்கள் காபியைக் கீழே வைப்பார்கள் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. இனி வருகிறவர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு நான் தையலைப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் மும்தாஜ் பேகம். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் நசீர் ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் மாமியும் மட்டும். மாமி என்றால் நசீரின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தத் தெருவில் யாருக்கு எப்போது எந்த ஊசி போட்டார்கள் என்பது முதல் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காமல் போயின. வெந்நீரில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் கத்தரிக்கோலையே பிடிக்க முடிந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்றார். நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி நம் மூட்டுகளைத் தாக்குவதுதான் இந்த நோய். அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்க ஒரு மாத்திரை எழுதினார். அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது.

"இது தினமும் சாப்பிடுற மாத்திரை இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ரெண்டு மாத்திரை. எந்த நாள்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டரம்மா.

"வெள்ளிக்கிழமை" என்றேன். ஜும்ஆ தொழுகை நாள் மறக்காது.

மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் என்று இன்னொரு மாத்திரை, தினம் ஒன்று. முதல் மாத்திரை உடம்பிலிருக்கிற ஒரு சத்தைக் குறைத்துவிடுமாம், அதை ஈடுகட்ட இது. இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருக்கும்.

மூன்று மாதத்தில் விரல் நன்றாகவே மடங்க ஆரம்பித்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு ஒரே வாரத்தில் பதினெட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு கஷ்டம் மட்டும் தீரவில்லை. மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிதுக்க முடியாது. அந்த ஒரு அசைவுக்கு மட்டும் எலும்புக்குள் ஊசி ஏறியதுபோல் வலிக்கும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமி ஒரு நாள், "கொண்டா இங்குட்டு" என்று எல்லா அட்டையையும் வாங்கி, வாங்கி வைத்திருந்த மூன்று மாதத்து மாத்திரையையும் மொத்தமாகப் பிதுக்கிவிட்டார். நான் ஊக்கும் பட்டனும் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று காலியாக இருந்தது. இரண்டு அறை உள்ளது. வலது பக்கம் வெள்ளிக்கிழமை மாத்திரை, இடது பக்கம் தினசரி மாத்திரை. அட்டையையும் அது வந்த காகிதப் பெட்டியையும் குப்பையில் போட்டோம். இதைவிட வசதி உண்டா என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அது நோன்பு மாதம். பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டைக் கழுவித் துடைத்தோம். அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்றினோம். அந்தப் பிளாஸ்டிக் பெட்டியும் இறங்கி ஏறியது. ஏறும்போது திரும்பி ஏறியது. வலது இடதாகிவிட்டது. எனக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது.

பெருநாள் நெருங்கும்போது வாயில் புண் வந்தது. நோன்புச் சூடு என்று நினைத்தேன். மாமி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் உதடு வெடித்தது. பெருநாள் அன்று வீடெல்லாம் பிரியாணி மணக்க, நான் ஆறிய ரவைக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு இரண்டாம் நாள் குளிரும் காய்ச்சலும். கையில் யாரோ கிள்ளியதுபோல் நீலநீலமாகத் தடம். ஷார்ஜாவிலிருந்து நசீர் போனில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அம்மாவைக் கூப்பிடு, ஆட்டோவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எனக்குப் பேசு" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்தில் என்னைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும், கை கழுவ வேண்டும். டாக்டரம்மா காகிதத்தைக் காட்டிப் புரியும்படி சொன்னார். ரத்தத்தில் வெள்ளணு என்று இருக்கிறது. கிருமி வந்தால் எதிர்ப்பது அதுதான். நாலாயிரத்துக்குக் குறையக் கூடாது. எனக்கு எண்ணூறு இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் குறைவு.

"மாத்திரையெல்லாம் சரியாச் சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாள்கூடத் தவறலை டாக்டர்" என்றேன். அது உண்மைதான். பெருமையாக வேறு சொன்னேன்.

டாக்டரம்மா யோசனையோடு போனார். பிறகு வந்தவர்தான் கலைச்செல்வி சிஸ்டர். கொத்தமங்கலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவர். ஆள் சின்னது, குரல் பெரியது. கையில் ஒரு காகிதத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, வீட்டுல இருக்கிற மாத்திரை, மருந்து, தைலம் எல்லாத்தையும் அப்படியே தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

"டாக்டரம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன் சிஸ்டர்."

"சொன்னீக. நான் பார்க்கணும்ல."

மாமி ஆட்டோவில் போய் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்தார். தலைவலித் தைலம், ஓம வாட்டர், நசீர் போன தடவை கொண்டுவந்த வலி ஸ்ப்ரே, அடியில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. அலமாரியில் இருந்த பக்கமாகவே மாமி அதை வைக்க, சிஸ்டர் திறந்தார். இரண்டு அறையிலும் மஞ்சள் மாத்திரை. அட்டை இல்லை, பெயர் இல்லை. சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுல எது வெள்ளிக்கிழமை மாத்திரை? எடுத்துக் காட்டுங்க."

நான் சந்தேகமே இல்லாமல் வலது அறையைக் காட்டினேன்.

சிஸ்டர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். பிறகு எண்ணினார்: வலது அறையில் அறுபதுக்கு மேல், இடது அறையில் பதினொன்றுதான். "வெள்ளிக்கிழமை மாத்திரை ஒரு மாசத்துக்கு எட்டுத்தானே தேவை? எத்தனை வாங்குனீக?"

"மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்கினேன். மெடிக்கலுக்கு அடிக்கடி அலைய வேண்டாம்னு. எல்லாத்தையும் மாமி ஒண்ணாப் பிதுக்கி இதுல போட்டுட்டாங்க."

"இன்னிக்குக் காலையில எதைச் சாப்பிட்டீக?"

இடது பக்கத்தைத் தொட்டேன். தொடும்போதே விரல் நின்றுவிட்டது. தினம் சாப்பிடுகிற மாத்திரை அல்லவா நிறைய இருக்க வேண்டும்? அந்த நேரத்தில் எனக்குள் அலமாரியும் வாளித் தண்ணீரும் துடைக்கிற துணியும் வரிசையாக வந்து போயின.

"பத்து நாளா" என்றேன்.

வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியதைப் பத்து நாள் தினமும் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு நடுவில் வந்த ஒரே வெள்ளிக்கிழமை மட்டும் அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரை இரண்டு. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இப்பக் கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு முறிவு மருந்து இருக்கு. நான் டாக்டரைக் கூப்பிட்டுட்டு வர்றேன்." அவர் எழுந்து கதவு வரைக்கும் சாதாரணமாக நடந்து, கதவுக்கு வெளியே ஓடியது எனக்குக் கேட்டது.

மாமி மூலையில் முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தார். "நான்தானே பிதுக்கிப் போட்டேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். "பெட்டியைத் திருப்பி வச்சது நான்தான் மாமி" என்றேன். உண்மையில் யார் வைத்தோம் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் அந்தத் தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அழுதோம்.

முறிவு மருந்தின் பெயர் ஃபோலினிக் ஆசிட். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். வெள்ளணுவைக் கூட்ட வயிற்றில் தினம் ஓர் ஊசி. காய்ச்சலுக்குக் கிருமிக்கொல்லி மருந்து தனி. அதை ஏற்றுவதற்கு முன் சிஸ்டர் கேட்டார். "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லை சிஸ்டர்."

"இருக்கு" என்றார் மாமி. "இவ மகளைப் பெத்த ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டாக. ஒரு மணி நேரத்துல முகமெல்லாம் வீங்கி, கண்ணே தெரியலை. பென்சிலு மாதிரி ஒரு பேரு சொன்னாக."

"பென்சிலினா?"

"அதுதான் தாயி."

எனக்கு இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய அந்த நாள் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சிஸ்டர் கையிலிருந்த மருந்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, டாக்டரிடம் பேசி வேறு மருந்தோடு வந்தார். என் கோப்பின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார். கையில் சிவப்புப் பட்டை ஒன்று கட்டினார். அன்றிலிருந்து அந்த அறையில் மாமிக்குத் தனி மரியாதை. சிஸ்டர் எதைக் கேட்டாலும் என்னிடம் கேட்டுவிட்டு மாமியையும் ஒரு பார்வை பார்ப்பார்.

ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் சிஸ்டர் என் பெயரைக் கேட்பார். பெயரைச் சொன்னால், கையில் கட்டிய பட்டையைப் பார்ப்பார். பிறகு மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டு வாசிப்பார். அளவை இன்னொரு நர்ஸிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் ஏற்றுவார். முதல் இரண்டு நாள் சகித்தேன். மூன்றாம் நாள், "காலையில சொன்ன பேரை மத்தியானத்துக்குள்ள மாத்திக்குவேனா சிஸ்டர்?" என்றேன்.

"மாத்துனாலும் மாத்துவீக. மாத்திரையையே மாத்துன ஆளு நீங்க" என்றார்.

வாய்ப் புண்ணோடு சிரித்தால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் சிரித்தேன். அந்த நோயில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

நான்காம் நாள் வெள்ளணு அறுநூறாக இறங்கிவிட்டது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே எப்படி இறங்கும்? டாக்டரம்மா, பத்து நாள் உள்ளே போன மருந்தின் வேலை இன்னும் முடியவில்லை, முறிவு மருந்து முந்த இரண்டு நாள் ஆகும் என்றார். புரிந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை. மகள் திருச்சியிலிருந்து வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினாள். சளி பிடித்திருந்ததால் அவளை உள்ளே விடவில்லை. நசீர் டிக்கெட் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப நீ கஞ்சி குடிக்கிற வரைக்கும் நானும் கஞ்சிதான்" என்றார். அவர் அறையில் தங்கியிருக்கிற நாலு பேரும் இதனால் மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரம் சமையல் முறை அவருடையது.

ஐந்தாம் நாள் அறுநூற்றைம்பது. ஆறாம் நாள் ஆயிரத்து முந்நூறு. சிஸ்டர் டியூட்டி முடிந்த பிறகும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து, காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். மாமிக்கு எண்கள் தெரியாது. "ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?" என்றார். சிஸ்டர் கட்டைவிரலை உயர்த்தினார். மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அன்று காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார்.

எட்டாம் நாள் உப்புப் போட்ட இட்லி எரிச்சல் இல்லாமல் இறங்கியது. எங்கள் எதிர்த்தெருவில் தைக்கிற அக்காவும் நானும் தொழிலில் போட்டிக்காரர்கள். அவர் என் கடையில் நின்றுபோன ஆறு ஜாக்கெட்டையும் எடுத்துப்போய்த் தைத்து, என் பெயரைச் சொல்லியே கொடுத்திருந்தார். ஒன்றுக்குக் கைச்சுற்று கொஞ்சம் இறுக்கம் என்று பிறகு புகார் வந்தது. நான்தான் தைத்தேன் என்று ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற நாளில் சிஸ்டர் ஒரு பையோடு வந்தார். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து "புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள், நாமும் தலையை ஆட்டுவோம் என்று நினைத்திருந்தேன். இவர் அப்படி விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் புதுசா வந்த பேஷண்ட்" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஆரம்பித்தேன். மாத்திரையை அட்டையை விட்டு எடுக்கக் கூடாது, சாப்பிடுகிற நேரத்தில் மட்டும்தான் பிதுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது. வாயில் புண், காய்ச்சல், மூச்சிரைப்பு, நீலத் தடம் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக இங்கே வர வேண்டும். காய்ச்சல், வலி என்று மெடிக்கலில் தானாக எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

"நிறத்தை வச்சு அடையாளம் சொல்லலாமா?"

"சொல்லலாம். மஞ்சள்."

"ரெண்டுமே மஞ்சள்தானே. அடுத்த மாசம் கம்பெனி மாறுனா நிறமும் மாறும். பேரைத்தான் வாசிக்கணும். சரி, ஒரு வெள்ளிக்கிழமை மறந்துட்டீக. என்ன செய்வீக?"

"அடுத்த வெள்ளிக்கிழமை சேர்த்துப் போட்டுக்குவேன்."

சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அக்கா, திரும்ப இங்குட்டே வந்து படுத்துக்கிறீகளா? ரெண்டு நாளைக்குள்ள ஞாபகம் வந்தாச் சாப்பிடலாம். அதுக்கு மேல போச்சுன்னா அந்த வாரத்தை விட்டுடணும். சேர்த்துச் சாப்பிடவே கூடாது. திரும்ப மொதல்ல இருந்து சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் தேறினேன். மாமி ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ரத்தமெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மருந்து இல்லாமல் விரல் திரும்பவும் இறுக ஆரம்பித்தது. டாக்டரம்மா அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார். மாத்திரை மேல் தப்பில்லை, சாப்பிட்ட விதம்தான் தப்பு, வாரம் ஒரே ஒரு மாத்திரையிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். வெளியே வந்து கலைச்செல்வி சிஸ்டரைத் தேடிப் பிடித்தேன்.

"நீங்க வந்து குடுத்தாச் சாப்பிடுறேன் சிஸ்டர்."

"ஒரு வெள்ளிக்கிழமை வருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை யாரு வருவா?" என்றார். "உங்களுக்குத் தெரியும் அக்கா. மூணு தடவை பரீட்சை எழுதிப் பாஸான ஆளு நீங்க."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆனது. மாமி தண்ணீர் டம்ளரோடு வந்தார். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது என்ன மாத்திரை?"

"மெத்தோட்ரெக்ஸேட் மாமி."

"எங்க எழுதியிருக்கு, காட்டு."

காட்டினேன். அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் எழுத்து இருக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"இனிமே எப்ப?"

"அடுத்த வெள்ளிக்கிழமை."

"அது வரைக்கும் வாயில புண்ணு வந்தா?"

"நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு."

மாமி திருப்தியாகி, கட்டைவிரலால் ஒரே ஒரு மாத்திரையை மட்டும் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். மிச்ச அட்டையை அது வந்த காகிதப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பிஸ்மில்லாஹ்" சொல்லி விழுங்கினேன். மாமியும் என்னோடு சேர்ந்து எச்சில் விழுங்கினார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். பல் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கஸ்டமருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது நடுவில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நசீர் ஷார்ஜாவிலிருந்து காலையிலேயே கூப்பிட்டு, "நாக்கை நீட்டு" என்றார். நீட்டினேன். பத்து மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, "வெளிச்சத்துக்கு வந்து நீட்டு" என்றார். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது நான் மீன் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காரம். இப்போது நேரமில்லை, சாப்பிட்டுவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.